பற்றாக்குறைக்கு ஒப்பந்தம் உண்டு, பெருமழைக்கு?

பத்தாம் கட்டையிலிருந்து நீரிணைக்கு

புக்கிட் தீமா சாலையின் பத்தாம் கட்டையை ஒட்டி வளர்ந்த ஊர் புக்கிட் பாஞ்சாங். இன்று அது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளும் அவற்றுக்கிடையே உயரத்தில் ஊர்ந்து செல்லும் இலகு ரயிலுமாக நிற்கும் குடியிருப்புப் பேட்டை. அங்கே பெய்யும் மழையின் பெரும்பகுதி வடிகால்கள் வழியே பாங் சுவா கால்வாயில் சேர்கிறது. செஞ்சா பக்கத்தில் உள்ள பாங் சுவா குளத்தைச் சுற்றி மாலையில் நடப்பவர்கள் அதைப் பூங்காக் குளமாகவே பார்க்கிறார்கள். மழைநீரைத் தாங்கிப் பிடிப்பதற்காக அமைக்கப்பட்ட குளம் அது. கால்வாய் கிராஞ்சிப் பக்கமாக இறங்குகிறது. கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரம் 1975இல் அடைக்கப்பட்டு நீர்த்தேக்கமானது. அணைக்கு இந்தப் பக்கம் நன்னீர், அந்தப் பக்கம் ஜோகூர் நீரிணை. நீரிணைக்கு அக்கரையில் மலேசியா.

மனிதர்கள் போகும் திசையும் ஏறத்தாழ அதுதான். லிட்டில் இந்தியாவுக்கு அருகே குவீன் ஸ்திரீட்டில் புறப்படும் 170ஆம் எண் பேருந்து, புக்கிட் தீமா வழியாக வந்து, புக்கிட் பாஞ்சாங்கைக் கடந்து, உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் மேலேறி, ஜோகூர் பாருவின் லார்க்கின் நிலையத்தில் போய் நிற்கிறது. அதிகாலையில் எதிர்த்திசையில் அந்தப் பேருந்திலும் மோட்டார்சைக்கிள்களிலும் வருபவர்களில் ஜோகூர்த் தமிழர்களும் கணிசம்.

இந்த நிலவியலை முன்வைத்து இக்கட்டுரை ஒரே கேள்வியை ஆராய்கிறது: பெருமழையின் ஆபத்தைக் கையாள்வதில் எல்லை தாண்டிய ஒத்துழைப்பு எந்த இடத்தில் உண்மையாகவே தேவைப்படுகிறது, எந்த இடத்தில் அது வெறும் மாநாட்டுச் சொல்லாக நின்றுவிடுகிறது?

வழக்கமான விளக்கங்களும் அவற்றின் குறையும்

சிங்கப்பூரில் வெள்ளம் என்றாலே அது வடிகால் விவகாரம் என்ற பார்வை ஆழமாக வேரூன்றியது. அதற்கு வலுவான நியாயமும் உண்டு. 1978 டிசம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் 512.4 மி.மீ. மழை பதிவானது, அந்த வெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். புக்கிட் தீமாக் கால்வாயின் சுமையைக் குறைக்க முதல் திசைதிருப்புக் கால்வாய் 1970களிலும் இரண்டாவது 1990இலும் முடிந்தன. 1970களில் சுமார் 3,200 ஹெக்டேராக இருந்த வெள்ள அபாயப் பகுதி இன்று 30 ஹெக்டேருக்கும் குறைவு. இந்தச் சாதனைக்கு எந்த அண்டை நாடும் கைகொடுக்க வேண்டியிருக்கவில்லை. 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியபோதும் விசாரணை ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் அடைப்பில்தான் போய் நின்றது. அதன் பின்விளைவாக, 2014 முதல் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலுமான கட்டுமானத் தளங்கள் தங்கள் மழைநீரைத் தாங்களே சற்று நேரம் தேக்கிவைத்து, பிறகே பொது வடிகாலில் விட வேண்டும் என்ற விதி வந்தது.

இதற்கு எதிர்முனையில் வட்டாரவாதிகளின் விளக்கம். பேரிடர் மேலாண்மைக்கும் அவசரகால நடவடிக்கைக்குமான ஆசியான் உடன்பாடு 2005இல் கையெழுத்தாகி 2009 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. மனிதாபிமான உதவி ஒருங்கிணைப்பு மையம் 2011இல் ஜகார்த்தாவில் திறக்கப்பட்டது. ஆகவே அமைப்பு இருக்கிறது, வலுப்படுத்தினால் போதும் என்கிறார்கள். ஆனால் அந்த அமைப்பின் வலு பேரிடர் நடந்த பிறகுதான் தெரிகிறது. பாதிக்கப்பட்ட நாடு கேட்டாலோ இசைந்தாலோ மட்டுமே உதவி நகரும். அழிவு பெரிதாக இருக்கும்போது இது பொருந்தும். இருபுறமும் சில மணி நேரம் சாலைகள் மூழ்கி, ஆறுகள் கரை தொட்டு, பல்லாயிரம் பேரின் ஒரு வேலைநாள் வீணாகும் நிலைக்கு இந்தக் கருவி பொருந்தாது. அளவு பிசகிய கருவி அது.

மூன்றாவதாக, மேக்கோங் போன்ற பகிர்ந்த ஆற்றுப் படுகைகளை உதாரணம் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். மேல்படுகை நாடு நீரைத் திறந்துவிட்டால் கீழ்ப்படுகை நாடு மூழ்கும். அதனால் 1995இல் மேக்கோங் ஆணையம் உருவானது. சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் இடையே எல்லையைக் கடக்கும் ஆறு ஒன்றுகூட இல்லை. எனவே பேசவும் ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு இந்த ஒப்பீடு எளிதாக இட்டுச்செல்கிறது. இந்த மூன்றாம் பார்வைதான் அதிகம் கேள்விக்குள்ளாக்கப்பட வேண்டியது என்பது என் எண்ணம். இடையில் ஆறு இல்லாவிட்டாலும் கடல் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால்.

எத்தனை நேரம் முன்னால் தெரியும்?

மழையை மில்லிமீட்டரில் அளப்பது நம் வழக்கம். ஒத்துழைப்பைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான அளவு, அந்த மழை எத்தனை நேரம் முன்னால் கண்ணில் படுகிறது என்பது.

வடகிழக்குப் பருவத்தில் ஆசியக் கண்டத்தின் குளிர்காற்று தென்சீனக் கடல் வழியே பாய்ந்து வரும். அதைப் பருவக்காற்று எழுச்சி என்கிறோம். கடலைக் கடக்க அதற்குச் சில நாள்கள் பிடிக்கின்றன. 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் அப்படி வந்த மழை, சாங்கியில் ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியை இரண்டே நாளில் மிஞ்சியது. 2006 டிசம்பர் 19ஆம் தேதி சிங்கப்பூரில் 24 மணி நேரத்தில் 366 மி.மீ. பெய்தது. இங்கே அது சில தாழ்வான இடங்களில் வெள்ளமாக நின்று வடிந்தது. அதே பருவத்தில் ஜோகூரில் கோத்தா திங்கியும் பத்து பகாட்டும் மூழ்கி, ஜனவரிக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பெய்தது ஒரே மழை. விளைவில் இருந்த இடைவெளிக்கு ஆற்றுப் படுகைகளின் அளவும், வடிகாலில் போட்ட பணமும், நிலப் பயன்பாடும் காரணம். இந்த வகை மழைக்கு வட்டார முன்கணிப்பு நிச்சயம் உதவும்; ஓரளவு உதவியும் வருகிறது. 1993இல் சிங்கப்பூரில் அமைந்த ஆசியான் சிறப்பு வானிலை மையமும், 2013இல் தொடங்கிய ஆசியான் பருவநிலை முன்னோட்ட மன்றமும் இதற்கான மேடைகள்.

சுமத்ரா சூறைக்காற்று வேறு கதை. சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கிழக்கே நகர்ந்து, விடியலுக்கு முன்போ முற்பகலிலோ சிங்கப்பூரை அறையும். சில மணி நேரமே கிடைக்கும் அவகாசம். அந்த நேரத்தில் மேற்கே, அடுத்த நாட்டு வானில் என்ன திரள்கிறது என்று பார்க்கும் ரேடார்தான் எல்லாம். இங்கே ஒத்துழைப்பு என்பதற்கு ஒரே பொருள்தான்: தரவு தாமதமின்றி வர வேண்டும். உலக வானிலை அமைப்பு 2021இல் ஏற்ற தரவுக் கொள்கை, கட்டாயம் பகிர வேண்டியவை, பகிரும்படி பரிந்துரைக்கப்படுபவை என்று இரண்டு அடுக்குகளை வகுத்திருக்கிறது. நடைமுறையில் இழுபறி எல்லாம் அந்த இரண்டாம் அடுக்கில்தான்.

மிகக் குறைந்த அவகாசம் தருவது பிற்பகல் இடிமழை. காலையில் நிலம் சூடேறி, கடற்காற்றுகள் ஒன்றோடொன்று முட்டி, தீவின் மேலேயே மேகம் கட்டிக் கொட்டும். சிங்கப்பூரின் நீர், வடிகால் பொறுப்பை ஏற்றிருக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் எக்ஸ்-அலைவரிசை ரேடார்களைக் கொண்டு சுமார் அரை மணி நேர முன்னறிவுக்கு முயல்கிறது. 2021 ஏப்ரல் 17 அன்று தீவின் மேற்கில் மூன்று மணி நேரத்தில் 170 மி.மீ. அளவுக்குப் பெய்து, ஏப்ரல் மாதச் சராசரியையே தாண்டிய மழை பருவங்களுக்கு இடைப்பட்ட காலத்தது. இத்தகைய மழைக்கு அண்டை நாட்டால் ஆகக்கூடியது மிகக் குறைவு. இங்கே முதல் பார்வைக்காரர்கள் சொல்வதே சரி: குளம் வெட்டு, கால்வாயை அகலப்படுத்து, தேக்கத் தொட்டி கட்டு.

வட்டார ஒத்துழைப்பை ஆதரிப்பவர்களுக்குச் சங்கடமான சான்று ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. 2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வின்படி, நூற்றாண்டு இறுதிக்குள் மிகக் கனமழை நாளின் அளவு அதிகம் கூடக்கூடியது ஏப்ரல், மே மாதங்களில். உச்ச மதிப்பீட்டில் 92% வரை. அதாவது கணிப்பு மிக மோசமாக இருப்பது, முன்கூட்டி அறியும் அவகாசம் மிகக் குறைவான பருவத்துக்கு. பருவக்காற்று எழுச்சியை மட்டும் மனத்தில் வைத்து எல்லை தாண்டிய ஏற்பாடுகளைப் புகழ்வது, எளிதான தேர்வுக்குப் படித்துவிட்டுக் கடினமான தேர்வுக்குப் போவது போலாகும்.

புயல் வராத ஊர் என்ற நம்பிக்கை

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்பது பாடப்புத்தகப் பாடம். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் அதைப் பொய்யாக்கியது. வட அட்சரேகை ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் உருவான அது தென்கிழக்கு ஜோகூரில் கரையேறியது. செனாயில் 200 மி.மீ.க்கு மேல் மழை. ஜோகூரிலும் பாஹாங்கிலும் வெள்ளம், நிலச்சரிவு, உயிரிழப்பு. அது சூறாவளியா, அதற்கு ஒருபடி கீழானதா என்பதில் ஜப்பானிய, அமெரிக்க மையங்களே ஒத்துப்போகவில்லை. புயலுக்குள் சிக்கிய அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் காற்றளவையைச் சார்ந்து எழுந்த கருத்து வேறுபாடு அது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பாதை. தீபகற்பத்தையும் சுமத்ராவையும் கடந்து வாமெய் வங்காள விரிகுடாவில் இறங்கியது. அதாவது புயல்களைக் கண்காணிக்கும் தோக்கியோ மையத்தின் பொறுப்பிலிருந்து புதுடில்லி மையத்தின் பொறுப்புக்கு மாறியது. சிங்கப்பூர் இந்த இரண்டு பொறுப்பெல்லைகளும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே உருவான சென்யார் புயல் அந்த எல்லைத் தையலை மறுபடியும் இழுத்துப் பார்த்தது. சுமத்ராவின் வடபகுதியில் வெள்ளமும் நிலச்சரிவுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. புயல் பிறகு கிழக்கே திரும்பித் தீபகற்ப மலேசியாவுக்கு வந்தது. அதே வாரத்தில் டித்வா புயல் இலங்கையைச் சிதைத்து 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இலங்கைக்குப் புயல் பற்றிய அறிவிப்புகள் எல்லை தாண்டி வரவே செய்தன. ஆனால் உள்நாட்டு எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வந்துசேரவில்லை என்ற குறை பலமாக எழுந்தது. மலையகத் தோட்டக் குடியிருப்பில் இருப்பவருக்குப் புதுடில்லியும் கொழும்பும் ஒத்துழைத்தனவா என்பதைவிட, கடைசி மைலில் செய்தி எந்த மொழியில் வந்தது என்பதே உயிர்ப் பிரச்சினை.

இங்கும் அந்தக் கடைசி மைல் உண்டு. ஜோகூர் பாருவில் குடியிருந்து புக்கிட் பாஞ்சாங் பக்கம் வேலைக்கு வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மலேசிய வானிலைத் துறை தொடர்மழையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் அறிவிக்கிறது. சிங்கப்பூரில் வானிலை ஆய்வகம் கனமழை எச்சரிக்கை விடுக்கும். பொதுப் பயனீட்டுக் கழகம் திடீர் வெள்ள அபாயத்தை இடம் குறித்துச் செயலியிலும் டெலிகிராமிலும் சொல்லும். ஒரே மேகத்துக்கு இரண்டு அளவுகோல்கள், இரண்டு செயலிகள். அவர் அன்று வேலைக்குக் கிளம்பலாமா, கிளம்பினால் வீடு திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பதில் சொல்லும் பொறுப்பு எந்த அலுவலகத்திடமும் இல்லை.

புகைக்குச் சட்டம், மழைக்கு மன்றம்

இதே வட்டாரம் புகைமூட்ட விஷயத்தில் வேறுவிதமாக நடந்துகொண்டது. எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கான ஆசியான் உடன்பாடு 2002 ஜூனில் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை ஏற்புறுதி செய்ய 2014 வரை ஆனாலும் உடன்பாடு என்று ஒன்று இருந்தது. சிங்கப்பூர் 2014இல் தன் எல்லைக்கு வெளியே தீ மூட்டுவோரையும் தண்டிக்கச் சட்டமே இயற்றியது. மழைக்கு அப்படி எதுவும் இல்லை. கிடைத்தவை மன்றங்களும் முன்னோட்டங்களும் பயிலரங்குகளும்.

காரணம் எளிது. புகைக்குக் குற்றவாளி உண்டு, மழைக்கு இல்லை. யாரையும் நோக்கி விரல் நீட்ட முடியாத ஆபத்தில் நாடுகள் எளிதாகச் சேர்ந்து உழைக்கலாம் என்றுதான் எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு: குற்றம் சாட்டப்பட ஆளில்லாததால் நாடாளுமன்றங்களில் கேள்வி எழுவதில்லை, ஊடகம் விரட்டுவதில்லை, ஒப்பந்தம் போடும் நெருக்கடியும் வருவதில்லை.

தண்ணீர் குறையும்போது மட்டும் பேசும் அண்டை வீட்டார்

சிங்கப்பூர்–ஜோகூர் உறவில் தண்ணீர் இல்லாத அத்தியாயமே கிடையாது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரை ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கும் உரிமையைத் தருகிறது. 1990ஆம் ஆண்டு உடன்பாட்டின் பேரில் லிங்கியு நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. ஆற்றில் ஓட்டம் குறையும்போது அதிலிருந்து நீர் விட்டு, கடலுப்பு உள்ளே ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. 2016 அக்டோபரில் லிங்கியு சுமார் 20 விழுக்காட்டுக்கு இறங்கியபோது இருபுறமும் கவலை பேச்சாக வெளிவந்தது.

இந்த ஆவணங்கள் அனைத்தும் பற்றாக்குறையின் மொழியில் எழுதப்பட்டவை: எவ்வளவு எடுக்கலாம், என்ன விலை, எதுவரை. அதே ஜோகூர் ஆறு கோத்தா திங்கியில் கரை புரண்டபோது என்ன செய்வது என்பதற்கு, பொதுவெளியில் தெரிந்தவரை, இருநாட்டு ஒப்பந்தம் எதுவும் இல்லை. சிங்கப்பூருக்கு நீர் எடுக்கும் நிலையங்களே அந்த ஆற்றங்கரையில் இருக்கும்போது இது விந்தைதான். 1962இல் மையைத் தொட்டு எழுதியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்றைய சிங்கப்பூரின் பயம் குழாயில் தண்ணீர் வராமற்போவதுதான். ஆனால் அந்தப் பயமே அறுபது ஆண்டுகளாகத் தண்ணீர்ப் பேச்சின் வடிவத்தைத் தீர்மானித்துவிட்டது. தண்ணீர் என்று வாயெடுத்தாலே விலையும் இறையாண்மையும் உடன்வந்து நிற்பதால், வெள்ளத்தைப் பேசவும் அதிகாரிகள் தயங்குவது புரிகிறது.

நீரிணை என்ற பொது வடிகால்

இரு நாடுகளுக்குமிடையே ஆறு இல்லை என்பது உண்மை. ஆனால் ஜோகூர் பாருவின் ஸ்கூடாய், தெப்ராவ், செகெட் ஆறுகள் எந்த நீரிணையில் விழுகின்றனவோ, கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் மிஞ்சும் நீரும் அதில்தான் விழுகிறது. 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் அந்த நீரிணையைக் குறுக்கே அடைத்து இரண்டு குடாக்களாக்கிவிட்டது. பெருமழையும் பெருவோதமும் ஒரே வேளையில் வந்தால் இருகரை வடிகால்களும் ஒரே உயர்ந்த நீர்மட்டத்தை எதிர்த்துத்தான் வடிய வேண்டும். கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது மேற்சொன்ன தேசிய ஆய்வு. சுங்கை காடுட், லிம் சூ காங் உள்ளிட்ட வடமேற்குக் கரைக்கான பாதுகாப்பைப் பொதுப் பயனீட்டுக் கழகம் ஆராய்ந்து வருகிறது. குறுகலான ஒரு நீரிணையின் ஒரு கரையில் தடுப்போ நீர்வாயிலோ எழுந்தால், எதிர்க்கரையில் ஓட்டமும் மட்டமும் மாறுமா என்பது கற்பனைக் கேள்வி அல்ல.

ஏனெனில் அந்தக் கேள்வி ஏற்கெனவே ஒருமுறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சிங்கப்பூரின் நிலமீட்புப் பணிகள் ஜோகூர் நீரிணையின் நீரோட்டத்தையும் சுற்றுச்சூழலையும் கெடுப்பதாக 2003இல் மலேசியா அனைத்துலகக் கடற்சட்டத் தீர்ப்பாயத்தில் முறையிட்டது. அக்டோபர் 8 அன்று தீர்ப்பாயம் இடைக்கால ஆணை பிறப்பித்தது: இரு நாடுகளும் சேர்ந்து சுயேச்சை நிபுணர் குழு ஒன்றை அமைத்து, ஓராண்டுக்குள் விளைவுகளை ஆராய வேண்டும். ஆராய்ந்தார்கள். 2005 ஏப்ரலில் சமரச உடன்பாடு கையெழுத்தானது. தெக்கோங் தீவில் நிலமீட்பின் வடிவமே மாற்றப்பட்டது. மலேசிய மீனவர்களுக்கு இழப்பீடும் வழங்கப்பட்டது.

இந்த வழக்கைச் சட்ட அறிஞர்கள் பெரும்பாலும் இடைக்கால ஆணைகளுக்கான முன்னுதாரணமாகவே எடுத்தாள்கிறார்கள். நீரியல் கண்ணோடு பார்த்தால் அதில் வேறொன்று தெரிகிறது. இரு நாடுகளும் ஒரே நீரிணையை ஒரே தரவுத் தொகுப்பால், ஒரே நிபுணர் குழுவின் வழியே பார்த்தன. அந்தப் பார்வையின் முடிவை ஏற்று ஒரு பொறியியல் வடிவத்தையே மாற்றிக்கொண்டன. இந்த வட்டாரத்தில் எல்லை தாண்டிய நீர் ஒத்துழைப்புக்கு இதைவிடக் கறாரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அது நல்லெண்ண மாநாட்டில் பிறக்காமல் சண்டையில் பிறந்தது என்பதுதான் வேடிக்கை.

எதிர்வாதமும் அடுத்த படியும்

ஒரு மறுப்பு எழலாம். புக்கிட் பாஞ்சாங் மேட்டு நிலம். நீரிணையின் மட்டம் அரை மீட்டர் ஏறினாலும் பாங் சுவா குளத்துக்கு ஒன்றும் ஆகாது, கிராஞ்சி அணை இடையில் இருக்கிறது. மழையளவில் இது சரி. ஆனால் அந்தப் பேட்டையின் வாழ்க்கை அந்தப் பேட்டையோடு முடிவதில்லை. தீபகற்பத்தில் தோட்டங்கள் மூழ்கினால் காய்கறி வரத்துக் குறைந்து தேக்கா சந்தையில் விலை ஏறுவதை இல்லத்தரசிகள் எந்த ஆய்வும் படிக்காமலே அறிவார்கள். கடற்பாலத்தின் அக்கரையில் சாலைகள் மூழ்கினால் இக்கரையில் பேருந்து ஓட்டவும் உணவங்காடியில் கடை திறக்கவும் ஆள் குறைகிறது.

2025 ஜனவரி 7 அன்று, அதாவது சாங்கியில் அந்தப் பெருமழை கொட்டுவதற்கு மூன்று நாள் முன்னால், ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கான உடன்பாடு கையெழுத்தானது. அதன் வளர்ச்சிப் பகுதிகளில் செனாய்–ஸ்கூடாயும் ஒன்று. 2001இல் வாமெய் கொட்டித் தீர்த்த அதே செனாய். அங்கே எழப்போகும் தொழிற்கூடங்களுக்கு, சிங்கப்பூரில் 0.2 ஹெக்டேர்த் தளத்துக்கு உள்ளது போன்ற மழைநீர்த் தேக்க நிபந்தனையைப் பொது அளவுகோலாக முன்வைக்கலாம். இருநாட்டுச் சுற்றுச்சூழல் கூட்டுக் குழு நீரிணையின் நீர்த்தரத்தை ஏற்கெனவே தன் அக்கறையாகக் கொண்டிருக்கிறது. அதன் நிகழ்ச்சிநிரலில் நீர்மட்டத்தையும் சேர்க்கப் புதிய உடன்பாடு தேவையில்லை. வடமேற்குக் கரை ஆய்வு தன் கணினி மாதிரியில் எதிர்க்கரை ஆறுகளின் வெள்ள ஓட்டத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை வெளியிட்டாலே, ஜோகூர் அதிகாரிகள் அதைத் தங்கள் அளவைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இவற்றில் எதுவும் பெரிய செலவு அல்ல. தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது: மாதிரியைப் பகிர்ந்தால் நாளை அதுவே எதிர்த்தரப்பின் வழக்கில் சான்றாகுமோ என்ற அச்சம். 2003ஐ நினைவில் வைத்திருக்கும் அமைச்சுகளுக்கு அந்த அச்சம் நியாயமானதே. செனாயில் கிடங்கு கட்டப்போகும் நிறுவனத்துக்கு அந்த நினைவு கிடையாது. அதன் காப்பீட்டாளர் வெள்ள வரைபடத்தைக் கேட்பார். எல்லைக்கோட்டில் பாதியாக வெட்டப்பட்ட வரைபடத்தைக் கொடுத்தால் மீதியையும் கேட்பார்.